ஏழுமலை அண்ணன் வைத்துவிட்டுப் போன பிளேட்டுகள்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார்.

காலையில் லேப் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது. அவருடைய மச்சான். விடிகாலையில் நெஞ்சுவலி... ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது என்றார்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத்தான் பார்த்தேன். நேற்று சாயங்காலம் அவர் கையால் வைத்துவிட்டுப் போன பிளேட்டுகள் உள்ளே இருந்தன.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரியூர் பக்கம் ஒரு மெடிக்கல் காலேஜில் நானும் அவரும் லேப் டெக்னீஷியன்கள். ஆன்டிபயாடிக்கை எந்த அளவில் கொடுத்தால் கிருமி சாகும், எந்த அளவில் கொடுத்தால் சாகாமல் பழகிக்கொள்ளும் என்று எங்கள் மேடம் ஆராய்ச்சி செய்கிறார். அதற்குக் கையும் காலும் நாங்கள் இரண்டு பேர்தான்.

பிளேட் என்பது சத்துக்கூழ் உறைந்த சின்ன வட்டத் தட்டு. அதில் கிருமியைத் தடவி, மேலே மருந்து வில்லைகளை வைத்து, மறுநாள் வரை வளரவிட வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமி என்றால் வில்லையைச் சுற்றி வளராமல் ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளப்போம்.

போதாத அளவு மருந்திலேயே வளர்த்த கிருமிக்கு வாரம் போகப்போக வட்டம் சுருங்கும். கொஞ்சம் கொஞ்சமாக... அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, சொந்தப் பிள்ளைகள் கெட்டுப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். "பழகிக்கினானுங்க கலா," என்பார்.

தடவும்போது ஃபேன் போட விடமாட்டார். காற்றில் வேறு கிருமி வந்து விழுந்துவிடும். மே மாசத்திலும் அதே கதைதான். முதுகில் வியர்வை ஓட நான் திட்டிக்கொண்டே நிற்பேன். அவர் காதில் விழாத மாதிரி பஞ்சுக்குச்சியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் கடுகடுவென்று வந்தார். அவர் வீடு பாகூர் பக்கம். காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை அண்ணி சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுவாராம். தெருவில் யாருக்குச் சுரம் என்றாலும் நெற்றியில் விபூதி, கையில் ஒரு மாத்திரை. ஒன்றே ஒன்று. சாமிகிட்ட இருந்த மாத்திரை என்று அதற்குத் தனி மவுசு வேறு.

"நாம இங்க மாசக்கணக்கா செய்யற ஆராய்ச்சிய என் வூட்ல சத்தமில்லாம செஞ்சிக்கினு கிறாங்க," என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். மதியம் அதே அண்ணி கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பை எனக்கும் ஊற்றினார். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

எங்கள் சண்டை வேறு.

ஒரு பிளேட்டை இரண்டு பேர் அளக்க வேண்டும் என்பது முறை. ஒருவர் அளக்கும்போது அடுத்தவர் பார்க்கக் கூடாது. நான் அளந்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்கேலை வைப்பார். அப்புறம் இரண்டு பேரும் நம்பர் சொல்வோம்.

நான் எது சொன்னாலும் அவர் ஒன்று குறைத்துச் சொல்வார். எப்போதும்! முதலில் கண்ணாடியை மாற்றுங்கள் என்பேன். உன் கண்ணுக்குத் தாராளம் ஜாஸ்தி என்பார். மறுபடி அளப்போம், மறுபடி சண்டை, டீ ஆறிப்போகும்.

"நீ கூட்டிச் சொன்னா அந்த மருந்த நம்பி ஒருத்தனுக்குக் குடுத்துடுவாங்க. குறைச்சு சொன்னா இன்னா ஆயிடப் போவுது?" என்று ஒரே ஒரு தடவை காரணம் சொன்னார். அதற்கும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வில்லியனூரில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது. ஒரு நாளில் நான் பேசுகிற பேச்சில் பாதி அந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றித்தான். இதை அவரிடம் சொன்னதில்லை... சொல்லத் தோன்றவும் இல்லை.

இன்று காலை மேடத்துக்குப் போன் செய்தேன். இரண்டாவது ஆள் பார்க்காத பிளேட் கணக்கில் சேராது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு நீ அங்கே கிளம்பு, நாளைக்குப் புதிதாக வைத்துக்கொள்ளலாம் என்றார்.

எனக்கு மனசு வரவில்லை. பிளேட்டுக்கு அடியில் மார்க்கரில் அவர் கையெழுத்து. அவர் தடவிய கிருமி, அவர் வீட்டுக்குப் போன பிறகும், அவர் போன பிறகும் ஒழுங்காக வளர்ந்திருந்தது. இது அவருடைய கடைசி வேலை. எப்படிக் குப்பையில் போடுவது?

முன்பு எங்கள் லேபில் இருந்த ராணி இப்போது ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். கெஞ்சிக் கூட்டி வந்தேன். நான் அளந்தேன். பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பின்னால் ஸ்கேல் வைக்கும் சத்தம் கேட்டது. செருமல் மட்டும் இல்லை.

நம்பர் சொன்னோம். அத்தனையும் ஒத்துப்போனது. ஒரு பிளேட்டில்கூட வித்தியாசம் இல்லை. சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று சொல்லிவிட்டு ராணி போனாள்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மதியம் பாகூர் போனேன். அண்ணியை இதற்கு முன் பார்த்ததில்லை. யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் கலாவா... இன்னிக்கு இன்னா சண்டன்னு வந்து சொன்னாதாம்மா அவுருக்கு சோறே எறங்கும்."

அந்தக் கூட்டத்தில் என்னைத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. எடுக்கும் வரை ஓரமாக ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

போயிட்டு வாங்க அண்ணே. உங்க பிளேட் எல்லாம் கணக்குல சேந்துடுச்சி.

கடைசி பிளேட் பதினெட்டு. ராணியும் பதினெட்டுதான் சொன்னா.

நீங்க பதினேழுன்னு சொல்லியிருப்பீங்க...