கத்திக்குப் பயந்த எனக்குக் கிடைத்த பதில்

என்னோடு சேர்ந்து ஆண்டவரை நம்புகிற உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். என் பெயர் எஸ்தர். வாலிகண்டபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சத்துணவு சமைக்கிறேன். என் வீட்டுக்காரர் அரியலூரில் சிமெண்ட் ஆலை வேலைக்குப் போகிறார்.

வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் முழங்கால். மூட்டுத் தேய்மானம் என்றார்கள். தைலம் தேய்த்தேன், மாத்திரை போட்டேன், ஓட்டினேன். கொரோனா முடிந்து பள்ளி திறந்த வருடம் வலி முதுகுத்தண்டுக்கு வந்தது. இடுப்பில் தொடங்கி இடது குதிகால் வரை சுண்டி இழுக்கும். உட்கார்ந்தால் எழ முடியாது. சபையில் எல்லோரும் முழங்கால் போடும்போது நான் மட்டும் சுவரில் சாய்ந்து நிற்பேன்.

அலுத்துப்போய்விட்டது. வலிகூடப் பழகிவிட்டது, இந்த அலுப்பு பழகவில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் "ஆண்டவரே" என்பேன். அதற்கு மேல் வார்த்தை வராது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், பொங்கல் முடிந்து திருச்சியில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"மூட்டுக்கு இப்ப அவசரம் இல்லம்மா. முதுகுலதான் நரம்பு நசுங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணிக்கிறது நல்லது. ரொம்ப நாள் தள்ளாதீங்க" என்றார்.

"யோசிச்சுச் சொல்றோம் சார்" என்று சொல்லி வந்துவிட்டோம். 

என் பயத்துக்குக் காரணம் உண்டு. என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா லில்லி அண்ணி, அரியலூரில் இருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்கும் முதுகில் இதே ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு வலது கால் இழுத்துக்கொண்டது. வாக்கர் இல்லாமல் நடக்க மாட்டார். "கத்தி வச்சதுலதான் என் காலு போச்சு" என்று சபையிலேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். என் விஷயம் தெரிந்ததும் போன் செய்தார்.

"எஸ்தரு, நான் படுறது போதாதா? கத்திய வைக்க வுட்டுடாத. ஜெபம் பண்ணு. கர்த்தர் பாத்துக்குவாரு."

ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். கேட்டவர்களிடம் எல்லாம், "நான் விசுவாசத்துல நிக்கிறேன்" என்று சொன்னேன். எல்லோரும் பாராட்டினார்கள். உள்ளுக்குள் இருந்தது வெறும் பயம் என்று எனக்கு மட்டும் தெரியும். வீட்டுக்காரர் வற்புறுத்தவில்லை. "ஒன் ஒடம்பு, நீதான் சொல்லணும்" என்பார். அதுவும் பாரமாகத்தான் இருந்தது.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் மலர் திடீரென்று கத்தினாள்.

"அக்கா! கால்ல கஞ்சி ஊத்துது! காலெ எடுங்க!"

குனிந்து பார்த்தேன். கொதிக்கிற கஞ்சி என் இடது பாதத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சூடு இல்லை, எரிச்சல் இல்லை. யாரோ ஒருத்தி காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலர்தான் இழுத்துப்போய்த் தண்ணீரை ஊற்றினாள்.

அன்றைக்குப் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். "அப்பா, சுகம் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். இனிமே அதைக் கேக்கல. நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா செய்றேன்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

அந்த வாரம் சனிக்கிழமை காலை. ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. லில்லி அண்ணி இறங்கினார். அடுத்த தெருவுக்குக்கூடத் தனியாகப் போகாதவர், வாக்கரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நான் பதறிப்போனேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தவர், "காலெ காட்டு" என்றார். கட்டைப் பிரித்துக் காட்டினேன்.

"சுட்டது தெரியவே இல்லியா?"

"இல்லண்ணி."

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"எனக்கும் இப்டித்தான் மரத்துச்சு, எஸ்தரு. ரெண்டு வருசம் யாருகிட்டயும் சொல்லல. ஜெபத்துலயே போயிடும்னு இருந்துட்டேன். கடைசியா ஆபரேஷனுக்குப் போனப்ப டாக்டரு முன்னாடியே சொல்லிட்டாரு. நரம்பு செத்துடுச்சும்மா, வலி கொறையும், காலு வராதுன்னு. அதெ நான் மறைச்சுட்டேன். என் தப்புன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. கத்தி மேல பழியப் போட்டுட்டேன்."

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"தம்பி வந்து ஒனக்குக் கால் வெந்தது தெரியலன்னு சொன்னான். அதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. போய்ச் சொல்லு, போய்ச் சொல்லுன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. ஜெபம் பண்ண ஒக்காந்தாலும் அதேதான்."

"பயமா இருக்கு அண்ணி" என்றேன்.

"பயம் போவாது. பயத்தோடயே போ. நான் கூட வரேன்."

நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று அப்போதே எனக்கு விளங்கியது. என்னைத் தடுத்த வாயாலேயே ஆண்டவர் என்னைப் போகச் சொன்னார்.

திங்கட்கிழமை திருச்சிக்குப் போனோம். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி தாமதிக்கக் கூடாது என்றார். அந்த வாரமே ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும்போது எனக்குத் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை.  அண்ணி வாக்கரைப் பிடித்தபடி கதவு வரைக்கும் கூடவே வந்தார்.

கண் விழித்தபோது தையல் போட்ட இடம் வலித்தது. ஆனால் அந்தச் சுண்டி இழுக்கிற வலி இல்லை. இரண்டாம் நாள் என்னைப் பிடித்து நிற்க வைத்தார்கள். இடது பாதம் தரையில் பட்டது.

"தரை சில்லுன்னு இருக்குங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அழுதேன். பக்கத்தில் அண்ணியும் அழுதார். அவர் காலுக்கு அந்த உணர்ச்சி திரும்பவே இல்லை. என் காலுக்காக அழுதார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். சுண்டுவிரல் பக்கம் இன்னும் மரப்பு இருக்கிறது. மழைக்காலத்தில் முழங்கால் படுத்துகிறது. பெரிய அண்டாவை இப்போது மலரும் இன்னொருவரும்தான் தூக்குகிறார்கள். சில நாள் பழைய அலுப்பு வந்து பக்கத்தில் உட்காரும். ஆனாலும் என் காலால் நடந்து வேலைக்குப் போகிறேன். அதற்கே நன்றி சொல்லித் தீரவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, அண்ணி தன் சபையில் எழுந்து நின்று நடந்ததை மறைக்காமல் சொன்னார். என் முதுகுக்குக் கிடைத்த சுகத்தைவிட அது பெரிய சுகம் என்று நினைக்கிறேன்.

எல்லோரையும் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லவில்லை. வேண்டாம் என்று டாக்டரே சொல்லி அனுப்பியவர்களும் உண்டு. வலியை மறைத்து வைத்துக்கொண்டு அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்காதீர்கள், அவ்வளவுதான். அலுத்துப்போனவர்கள் அரைகுறையாகச் செய்கிற ஜெபத்தையும் ஆண்டவர் கேட்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். பதில் யார் வழியாக வந்தாலும் தள்ளிவிடாதீர்கள். ஸ்கேன் எடுக்கத் துணைக்கு ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன்.