ஐவி ரீச்சரும் பதினாறாம் விதியும்

ஐவி சூசைப்பிள்ளைக்கு நிரந்தர அதிபர் நியமனம் வந்தபோது வயது ஐம்பத்தொன்று. திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி ஓர்ஸ் ஹில் சரிவில் இருந்த எங்கள் ஆசிரியர் கலாசாலைக்கு அதற்கு முன் ஒரு பெண் அதிபராக வந்ததில்லை. நான் அங்கே தட்டெழுத்தாளராக வேலை பார்த்தேன். கீழே சொல்வதில் பாதி நான் கண்டது, மீதி அவரே சொன்னது.

தகப்பன் சூசைப்பிள்ளை ஆங்கிலேயரின் கடற்படைத் தளத்தில் இயந்திரம் பொருத்துகிற பிற்றர் வேலை செய்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் அவர்கள் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேற, அவருடைய வேலையும் போயிற்று. ஐவி அப்போது ஈச்சிலம்பற்றில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆசிரியை. லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போய், தோப்பூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மாட்டு வண்டி கிடைத்தால் வண்டி, இல்லாவிட்டால் நடை. அந்தச் சம்பளத்தில்தான் தாய் தகப்பனும் தங்கை மக்டலினும் சீவித்தார்கள். வந்த இரண்டு சம்பந்தங்களையும் வேண்டாமென்றுவிட்டு, லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்குத் தபாலில் படித்தார். இரண்டு தடவை தவறி மூன்றாம் தடவை தேறினார். அந்தப் பட்டம் அவரைக் கலாசாலைக்கு விரிவுரையாளராகக் கொண்டுவந்தது. அறுபத்தைந்தில் உப அதிபர். பெண்கள் விடுதியும் அவர் பொறுப்பு.

கலாசாலைக்கென்று மிஷன் காலத்து விதிப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் பதினாறாம் விதி இது: மாணவி கர்ப்பமுற்றால் அன்றே கலாசாலையை விட்டு நீங்க வேண்டும், மீண்டும் சேர்க்கப்படமாட்டார்.

அறுபத்தாறில் புஸ்பராணி என்ற ஈச்சிலம்பற்றுப் பெண்ணுக்கு ஐவி இந்த விதிப்படி கடிதம் எழுதினார். கலியாணமானவள், கெட்டிக்காரி. இறுதிச் சோதனைக்கு நாலு மாதம்தான் இருந்தது. லோஞ்சடி வரை ஐவியும் கூடப் போனார்.

"நீங்கள் ஒரு சொல் சொன்னால் அதிபர் ஐயா கேட்பார் ரீச்சர்" என்றாள் புஸ்பராணி.

"விதி நான் போட்டதில்லைப் பிள்ளை."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லோஞ்சில் ஏறிவிட்டாள்.

ஆறு வருஷம் கழித்து, பயிற்சி மாணவர்களின் வகுப்புகளைப் பார்க்க ஐவி ஈச்சிலம்பற்றுக்குப் போனார். முதலாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் எழுத்து அச்சுப்போல இருந்தது. யார் சொல்லித் தந்ததென்று கேட்டார். "அம்மா" என்றது பிள்ளை. அம்மா புஸ்பராணி. வயல் வேலை முடிந்து வந்து, வேலியோரம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை இருத்தி வாசிக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். வேலை இல்லை, சான்றிதழ் இல்லை. ஐவியைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, மக்டலினின் சுகம் கேட்டாள். பழைய கதை எதையும் எடுக்கவில்லை. "ஏசியிருந்தால் குடிச்சிருப்பன். அந்தத் தேத்தண்ணிய அப்படியே வச்சிட்டு வந்தனான்" என்று ஐவி பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்.

எழுபத்துமூன்றில் பழைய அதிபர் ஓய்வுபெற, ஐவி பதில் அதிபரானார். ஹெக்டர் என்ற விரிவுரையாளர் உப அதிபரானார். இரண்டு வருஷமாகியும் நியமனம் உறுதியாகவில்லை. அந்த நேரத்தில்தான் கிண்ணியாவைச் சேர்ந்த சுபைதா ஆறு மாதக் கர்ப்பிணி என்று விடுதியில் தெரியவந்தது. சோதனைக்கு இன்னும் இரண்டரை மாதம்.

ஹெக்டர் விதிப் புத்தகத்தோடு வந்தார். நல்ல மனுஷன், ஆனால் பயந்தவர்.

"மிஸ் ஐவி, உங்கட நியமனம் இன்னும் கொழும்பில கிடக்குது. இப்ப இதைச் செய்யாதேங்கோ."

"ஓம், தெரியும்" என்ற ஐவி என்னைப் பார்த்து, "கொழும்புக்கு ஒரு கடிதம் அடியுங்கோ" என்றார்.

நான் அடித்தேன். பதினாறாம் விதியை இம்முறை தான் நடைமுறைப்படுத்தப் போவதில்லை, முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று நாலு வரி. கையெழுத்துப் போட்டுத் தபாலுக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் சுபைதாவின் கணவன் கலீலுர் றஹ்மான் கிண்ணியாத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடந்து வந்திருந்தான். அதிபரின் கந்தோர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"ரீச்சர், பொண்டாட்டிய ஊட்டுக்குக் கூட்டிப் போறதா எண்டு கேக்க வந்தனான்."

"சோதனை எழுதினாப் பிறகு கூட்டிக்கொண்டு போங்கோ. விடுதியில படி ஏற ஏலாது. என்ர அறையில இருக்கட்டும்."

ஐவி தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டார். கொழும்பிலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். நான் குறிப்பெடுக்க இருந்தேன்.

"எல்லாரும் இப்படி விதியை மீற வெளிக்கிட்டால் கலாசாலை நடத்தேலுமோ?" என்று அவர் கேட்டார்.

ஐவி ஒரு தாளை நீட்டினார். "பத்து வருஷத்தில இந்த விதியால போன பிள்ளைகள். பதினொரு பேர். இவையள் போயிருக்க வேண்டிய பள்ளிக்கூடங்கள் சிலதில இண்டைக்கும் ஆளில்லை." தாளில் விரலை வைத்தார். "ஏழு கடிதத்தில இருக்கிறது என்ர கையெழுத்து. அதையும் எழுதிக்கொள்ளுங்கோ."

அதிகாரி அந்தத் தாளை வாங்கித் தன் கோப்பில் வைத்துக்கொண்டார்.

சுபைதா எல்லாத் தாளும் எழுதி முடித்தாள். பன்னிரண்டு நாளில் ஆண் குழந்தை. முதற் பிரிவில் தேறி, கிண்ணியாவிலேயே வேலையும் கிடைத்தது. ஐவிக்குக் கிடைத்தது கண்டனக் கடிதம். வெளியிலிருந்து ஒருவர் அதிபராக வந்தார். இரண்டு வருஷம் பதில் அதிபராக இருந்தவர், மறுபடி விரிவுரையாளர் அறைக்குத் தன் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனார். விட்டுவிட்டுப் போகச் சொன்னாள் மக்டலின். "போனால் ஆர் பேசுறது?" என்றார் ஐவி. ஆனாலும் அந்த நாட்களில் அவர் மெலிந்துபோனதை எல்லோரும் கண்டோம்.

புதியவர் கெட்டவரல்ல. ஐவி மாதத்துக்கொரு கடிதமாகக் கொடுத்துக் கொடுத்து, எழுபத்தேழில் அந்த விதியை நீக்குவித்தார். அடுத்த வருஷம் அந்த அதிபர் இடம் மாறிப் போக, கண்டனக் கடிதம் இருந்தும் சேவை மூப்பின்படி நிரந்தர நியமனம் ஐவிக்கே வந்தது. முதல் வேலையாக, விலக்கப்பட்ட பதினொரு பேரும் திரும்பிவந்து படிப்பை முடிக்க அனுமதி வாங்கினார். பதினொரு கடிதத்தையும் தன் கையாலேயே எழுதினார். என்னிடம் தரவில்லை. ஐந்து பேர் வந்தார்கள். மூன்று பிள்ளைகளின் தாயான புஸ்பராணியும் வந்தாள்.

பதிவு செய்கிற மேசையில் ஐவி அவளிடம் மெதுவாகக் கேட்டார்: "என்னில கோவம் இருக்கோ?"

"இருந்தது ரீச்சர். ஒரு அஞ்சாறு வருஷம் நல்லா இருந்தது. பிறகு வேலை கூடிப்போச்சு."

ஐவி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. புஸ்பராணி பேனையை வாங்கித் தன் பெயரை எழுதினாள். அடுத்த ஆண்டு தேறி, சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே நியமனம் பெற்றாள்.

எண்பத்திரண்டில் ஐவி ஓய்வுபெற்றார். அவருடைய இடத்துக்கு வந்தவர் குணேஸ்வரி, எங்கள் விரிவுரையாளர்களில் ஒருவர். பொறுப்பைக் கொடுக்கும்போது ஐவி ஏதாவது பெரிதாகச் சொல்வாரென்று நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம்.

"விடுதிக் கிணறு ஆடி மாதம் வத்தும். அதுக்கு முதலே தண்ணி பவுசர் லொறி கேட்டு எழுதிப்போடுங்கோ" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறக்கத்தில் நடந்தார்.