தேங்காய்த்திட்டு மீன்தான் வேண்டும்

1974ஆம் ஆண்டு ஜூலை பத்தாம் தேதி, புதன்கிழமை, காலை ஐந்தே முக்கால். காற்று அடியோடு நின்றுபோய், அந்த நேரத்திலேயே கழுத்து வியர்த்தது. சாரம் என்கிற எங்கள் ஊரில், வீட்டு வாசலில் அம்மா அப்பாவின் கையில் ஒரு பையைத் திணித்து, ஒரு மணி நேரத் தொலைவில் கடலோரம் இருக்கிற தேங்காய்த்திட்டுக்கு நடந்துபோய் மீன் வாங்கி வரச் சொன்னாள். எங்கள் தெருவுக்கே மீன்காரி கூடையோடு வருவாள். ஆனால் அவளுடைய மீனில் சேற்று வாடை அடிக்கிறதாம்.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில்லைப் பூட்டி மூன்று மாதமாகியிருந்தது. முதலில் மற்றவர்களோடு மில் வாசலில் உட்கார்ந்தார். பிறகு வீட்டில் உட்கார்ந்தார். கடைசியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். தூக்கம் கிடையாது. ஒன்றைக் கேட்டுவிட்டு நான் மனதுக்குள் இருபது வரை எண்ணினால்தான் பதில் வரும். எண்ணுகிற வியாதி எனக்கு அப்போதே உண்டு.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தீர்மானமாக இருந்தார். தெற்கே ஒரு கோயிலில் இப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோய் விடுவார்களாம். மண்டபத்துத் தூணில் சங்கிலியால் கட்டி ஒரு மண்டலம் வைத்திருந்தால் தெளிந்துவிடுமாம்.

“ஆடி பொறந்ததும் இட்டுனு போயிடலாம். இன்னும் வச்சினு இருந்தா கைய மீறிடும்” என்றார்.

“ஆடி முடியட்டும் அண்ணி. அதுவரிக்கும் என்கிட்ட வுடுங்க” என்றாள் அம்மா.

“நீ இன்னா, டாக்டருக்குப் படிச்சியா?”

“எட்டு மணி நேரம் தறிக்கு நடுவுல நடந்த காலு. அத மடக்கி உக்கார வச்சா இன்னா ஆவும்? எல்லாம் தலையில போய் ஏறிக்கிச்சு.”

அத்தை என் பக்கம் திரும்பி, “உங்கம்மாவுக்கும் சேத்து ஒரு சங்கிலிக்குச் சொல்லி வைக்கணும்டா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மறுநாள்தான் இந்த மீன் ஏற்பாடு தொடங்கியது.

நடந்து என்று அம்மா சொன்னதற்குக் காரணம், அப்பாவின் சைக்கிள் வீட்டில் இல்லை. ரிம் கோணிவிட்டது, சரிசெய்யத் தம்பி எடுத்துப் போயிருக்கிறான் என்றாள். தம்பி என்றால் தவளக்குப்பத்து மாமா. நான் எட்டாவது போனதும் அந்த சைக்கிள் எனக்கென்று வீட்டில் பேச்சு இருந்தது. அதனால் ரிம்மைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை.

அப்பா போனார், வந்தார். ஐம்பது காசுக்குப் பொடிமீன். மறுநாளும் போனார். செவ்வாய், வெள்ளி, சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அந்த நாட்களுக்கு அம்மா வேறொன்று கண்டுபிடித்தாள். திருஷ்டி கழிய வீடெல்லாம் தெளிக்கக் கடல் தண்ணீர் வேண்டும் என்று தூக்குவாளியோடு கடற்கரைக்கு அனுப்பினாள். திருஷ்டியில் அவளுக்கு நம்பிக்கையே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் எட்டிப் பார்த்து, “இப்படித் தெளிச்சினே இருந்தா உன் வூட்டு செவுத்துல உப்பளம் போடலாம்” என்றாள். அம்மா அசையவில்லை. மழை பிடித்த காலையில் கோணியை மடித்துத் தலையில் போட்டு அனுப்பினாள். அப்பா போகமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிய நாளில், அவர் பக்கத்தில் பையோடு உட்கார்ந்து, அவர் எழுந்திருக்கும்வரை தானும் எழுந்திருக்கவில்லை. அன்று அடுப்பு மூட்டியபோது மணி பதினொன்று.

மூன்றாவது வாரம் அப்பா இரவில் குறட்டை விட்டார். நான் ஏதோ கேட்டேன். மூன்று எண்ணுவதற்குள் பதில் வந்தது. ஒருநாள் மீன் குறைவாகப் போட்டதற்காக ஒருத்தியோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். அதைக் கேட்டு அம்மா சமையற்கட்டில் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தினமும் நடந்தால் மூளைக்கு ரத்தம் நன்றாகப் போகும், தூக்கம் வரும், கவலை குறையும் என்று இன்று என் டாக்டர் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்கிறார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் குதிகால் வெடித்திருப்பது மட்டுமே. அதற்கு வேப்பெண்ணெய் தடவியவன் நான்.

ஆடி முடிய மூன்று நாள் இருந்தபோது மாமா வீட்டுக்கு ஒரு வேலையாக பஸ்ஸில் அனுப்பப்பட்டேன். மாமா இல்லை. சைக்கிள் இருந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். ரிம் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. இனி அப்பா நடக்க வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவுசெய்தேன். பாருக்கு அடியில் காலை விட்டு மிதித்தும், முடியாத இடத்தில் தள்ளியும், முழங்கால் இரண்டும் சிராய்த்து, பொழுது சாயச் சாரம் வந்து சேர்ந்தேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வெளியே வந்து ரிம்மை விரலால் தடவிப் பார்த்தார்.

“கோணலே இல்லியே.”

“உங்க மவன் தள்ளிக்கினு வந்ததுல நேராயிடுச்சு போல” என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

அப்பா சிரித்தார். மில் பூட்டிய பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

“ரெண்டாவது வாரமே தெரியும். உன் தம்பி தேங்காய்த்திட்டாண்ட இதுலதான் வந்தான். என்னப் பாத்ததும் சந்துல பூந்துட்டான்.”

“அப்புறம் ஏம்பா நடந்த?” என்று கேட்டேன்.

“உக்காந்தா மறுபடி வந்துரும்டா.”

சொல்லிவிட்டு சைக்கிளைச் சுவரோரம் சாத்தினார்.

ஆடி முடிந்து வந்த திங்கட்கிழமை, அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக, அத்தை விடியற்காலையிலேயே துணிமூட்டையோடு வந்து நின்றார். அப்பா பையை எடுத்துக்கொண்டு வந்தார். “வாக்கா, உக்காரு. வஞ்சிரம் கெடைக்குதா பாக்கறேன்” என்றார். சைக்கிள் சீட்டின்மேல் சற்று நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை விட்டுவிட்டு நடந்து போனார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த அத்தை, “கடல் தண்ணி தெளிச்சது வேல செஞ்சிருக்கு. எல்லாம் திருஷ்டின்னு நான் சொன்னா கேக்கறீங்களா?” என்றார். அம்மா ஆமாம் என்று தலையாட்டி, அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சைக்கிளை விற்றுவிட்டார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபடி, “வூட்ல இருந்துச்சின்னா ஒருநாள் இல்லன்னா ஒருநாள் ஏறிடுவேன்டா” என்றார். ஓடுகிற சைக்கிளை ஒருவர் ஏன் விற்க வேண்டும், தன் சொந்த சைக்கிளில் ஏறுவதற்கு ஏன் பயப்பட வேண்டும், விற்றதைப் பார்த்து அம்மாவுக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம், எதுவும் எனக்கு விளங்கவில்லை. எனக்கு ஏற்பட்ட நஷ்டம் மட்டும் நன்றாக விளங்கியது: நூற்றுப்பத்து ரூபாய்.