பெட்டிச் சாவி என்னிடம்

சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்கு ஒழுக்கம் சொல்லும் பாவிகளே, உங்களுக்கு என் கதை கட்டாயம் புரியும்.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் கம்பெனிக்கு நாலைந்து நாடுகளில் தோட்டம் இருந்தது. லண்டன் தலைமை ஆபீசிலிருந்து ஒரு நாள் நன்னடத்தைப் புத்தகம் வந்து இறங்கியது. எல்லா நாட்டு ஆட்களுக்கும் ஒரே ரூல். அதைத் தமிழில் சொல்லி, கைநாட்டு வாங்கி, மீறுகிறவர்களைத் தோட்ட மேனேஜரான துரையிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பெரட்டுக் களத்தில்

காலையில் ஆட்கள் பேர் கொடுக்க நிற்கும் பெரட்டுக் களத்தில், குளிரில் பல் கிடுகிடுக்க ரூல்களை வாசித்தேன். "மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவரிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது" என்ற இடத்தில் குரலை நன்றாகவே உயர்த்தினேன். தீபாவளிக்குத் துரை பங்களாவுக்கு மாலையும் பழத்தட்டும் கொண்டுபோவது தோட்டத்து வழக்கம். தட்டோடு முன்னால் நடப்பவர் கொழுந்து பறிக்கும் மங்களம் அக்கா. அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இந்தத் தீவாளிக்குத் தட்டை ஒங்க வீட்டுக்குக் கொண்டாந்துரட்டுங்களா கிராணி ஐயா?"

புகார்ப் பெட்டி

யார் தப்புச் செய்தாலும் பேர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்துத் தச்சர் முத்தையா செய்து கொடுத்தார். ஆபீஸ் வாசலில் மாட்டிய முதல் வெள்ளிக்கிழமையே அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பக்கத்து ஊர் திரிங்காப்பில் விளைந்த செவ்வந்தியும் சூட்டியிருந்தார்கள். திறந்தால் ஒரே ஒரு சீட்டு. "மகளுக்கு இந்த வருசம் நல்ல மாப்பிள்ளை அமையணும் தாயே!"

அப்போதுதான் பெட்டியை உற்றுப் பார்த்தேன். அச்சு அசல் மாரியம்மன் கோயில் உண்டியல். முத்தையாவைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு அவர் சொன்னார்: "பூட்டு வச்ச பெட்டின்னா எனக்கு இது ஒண்ணுதான் செய்யத் தெரியும் லா."

இரண்டாவது சீட்டு

சொந்தக்காரரை வேலைக்குச் சேர்த்தால், முன்பே சேர்த்திருந்தாலும், துரையிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும் ஒரு ரூல். இருபது தடவையாவது வாசித்திருப்பேன். புத்தகம் வருவதற்கு மூன்று வாரம் முன்புதான் என் மனைவியின் தம்பி சேகரை பேக்டரியில் நுழைத்திருந்தேன். அதை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பெட்டியில் அடுத்து வந்த சீட்டில் இரண்டே வரிகள். "ரூல் படிக்கிற கிராணியோட மச்சான் பேக்டரியில இருக்கான். ரூல் எங்களுக்கு மட்டுமா?"

சாவி என்னிடம் மட்டும்தான். பத்தடி தூரத்தில் பேக்டரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சீட்டைக் காட்டினால் சேகர் வேலை போகும். என் வேலையும் போனால் கம்பெனி வீட்டையும் காலி செய்ய வேண்டும். கையில் சீட்டோடு அடுப்பு முன்னால் போய் நின்றேன், பொய் சொல்லவில்லை. ஆனால் எழுதியவர் அந்தப் பெட்டியை நம்பித்தானே எழுதியிருக்கிறார்? வெட்கமாக இருந்தது. நேராகத் துரையிடம் போய் நீட்டினேன்.

துரை ஈப்போ நகரத்துத் தமிழர். இரண்டு தரம் படித்தார். "பையன் நல்லாத்தான் வேலை செய்றான், இருக்கட்டும். ஒங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். நீங்களே டைப் அடிச்சுருங்க. நாளைக்குப் பெரட்டுல நீங்களே படிச்சுருங்க."

என் குற்றம், என் குரல்

மறுநாள் படித்தேன். என் பேர், என் மச்சான் பேர், மறைத்த குற்றம், எல்லாம். வழக்கமாகத் தோட்டமே அதிரப் படிக்கிறவன், அன்றைக்கு எனக்கே கேட்காத குரலில் முடித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன். கடைசி வரிசையிலிருந்து மங்களம் அக்கா கையைத் தூக்கினார்: "பின்னாடி ஒண்ணும் கேக்கல லா கிராணி ஐயா, இன்னொருக்கா சத்தமா படிங்க!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன், இன்னொரு தரம் படித்தேன். அந்த வாரமே பெட்டியில் நிஜப் புகார்கள் வந்தன.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அந்த ரூல் புத்தகத்தை வாசித்தேன், ஆனால் எனக்கு மனப்பாடமானது இரண்டு தரம் படித்த அந்த ஒரு கடிதம்தான்.