தொண்டையில் இல்லாத முள்

முதலில் சோறு இறங்க மறுத்தது. பிறகு பேக்கரிப் பாண். கடைசியில் கஞ்சியை விழுங்கவே பயந்தேன். தொண்டையில் சிக்கிய சூடை மீன் முள் அன்றைக்கே வெளியே வந்துவிட்டது. தொண்டைதான் அதை நம்பவில்லை.

முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவளுக்கு முள் என்ன புதுசா? எத்தனையோ முறை சிக்கியிருக்கிறது. ஒரு பிடி சோற்றை உருட்டி விழுங்கினால் சரி. இந்த முறை மட்டும் ஏன் இப்படி? பசியைவிட இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

ஆஸ்பத்திரியில் என்டொஸ்கொபி (கமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) செய்தார்கள்.

"தொண்டை வடிவா இருக்கு அம்மா, ஒரு குறையுமில்லை," என்றார் டொக்டர்.

வடிவான தொண்டையை வைத்து என்ன செய்ய? சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்கின. அவர் என்னை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். "எனக்கென்ன விசரே?" என்று சண்டை பிடித்துவிட்டுத்தான் போனேன்.

அங்கிருந்த பெண் மருத்துவர் இதைப் பதகளிப்பு (ஆபத்து இல்லாதபோதும் உடம்பு ஆபத்துக்கு ஆயத்தமாகும் நிலை) என்றார். என் கணவர் அந்தோனியையும் உள்ளே கூப்பிட்டு, வீட்டில் நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார்.

"முள்ளெல்லாம் எடுத்துப்போட்டு, பிசைஞ்சுதான் குடுக்கிறனான்," என்றார் இவர் பெருமையாக.

"அதை நிப்பாட்டுங்கோ அண்ணை. நீங்கள் முள் எடுக்க எடுக்க, 'இவர் எடுத்ததாலதான் தப்பினன்' எண்டு அவாவின்ர உள்மனம் படிக்குது. பயம் போகாது."

அட கடவுளே! மனிசன் பாசத்தில் என் பயத்துக்கும் சேர்த்தல்லவா சோறு தீத்தியிருக்கிறார்!

"முள் சிக்கின அண்டைக்கு வீட்டில என்ன நடந்தது?" என்று மருத்துவர் என்னிடம் கேட்டார்.

"ஒண்டும் நடக்கேல்லை," என்றேன். சொல்லி வாய் மூடமுன் ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் வரவேண்டிய இவரின் படகு வரவில்லை. இஞ்சின் பழுதாகி, வேறொரு படகு இழுத்துவரப் பொழுதுபட்டுவிட்டது. நான் வாசலைப் பார்த்தபடி சோற்றை வாயில் திணித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடுகளில் கடலுக்குப் புறப்படுபவரிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் சகுனம் கூடாதாம். கடலுக்குப் பயந்தால் அடுப்பும் எரியாது. போக்கிடமில்லாத அந்தப் பயம் முள்ளில் ஏறிக்கொண்டதோ என்று கேட்டேன். "இருக்கலாம்," என்றார் மருத்துவர். எனக்கோ ஒரே புதினமாக இருந்தது. என்னைக் கேளாமல் எனக்குள் ஒருத்தி இவ்வளவு வேலை பார்த்திருக்கிறாளே!

உங்களுக்கும் இப்படியிருந்தால் அவசரப்படாதீர்கள். எனக்குப் பாணிலிருந்து சோற்றுக்கு வரவே வெகுநாள் பிடித்தது. நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும் என்று மெல்லுவேன். சில நாட்களில் திரும்பவும் கஞ்சிதான்.

ஒரு காலை பழஞ்சோற்றுடன் சூடைக் குழம்பு சாப்பிட்டேன். முள்ளை நானே எடுத்துச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைத்தேன். இவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"இஞ்சருங்கோ, எப்ப வருவியள்?"

மனிசன் திகைத்து நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"மத்தியானச் சோத்துக்கு வாறன். எனக்கும் மீன் வை," என்றார்.

இப்போதும் மத்தியானம் வரும்வரை பொழுது நகராது. பயப்படுகிறேன்தான். ஆனால் கடலுக்குத்தான் பயப்படுகிறேன். சோறு இறங்குகிறது.