பூவம் எல்லையில் ரிவர்ஸ் எடுத்த நாள்

டீசல் வாசனைக்கு மேலே மல்லிகை ஊதுபத்தி வாசனை... டிரைவிங் ஸ்கூல் லாரியின் கேபினில் ஏறியதும் முதலில் மூக்கைத் தொட்டது அதுதான்.

ஸ்கூல் நடத்திய மாஸ்டர் மற்ற நாட்களில் சாமி படத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். டெஸ்ட் அன்று மட்டும் எதற்கு ஊதுபத்தி? பிரேக்கைப் பற்றி எங்களுக்குச் சொல்லாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று முடிவு செய்தேன்.

பயத்தை ஒவ்வொருவரும் ஒரு மாதிரி சமாளிப்பார்கள், நண்பர்களே. அன்று ஹெவி லைசென்ஸுக்கு வந்தவர்களில் ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இருந்தார். இன்னொருவர் வேலிப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். எனக்குப் பயம் வந்தால் எல்லோர் மேலும் சந்தேகம் வரும். சந்தேகப்படுகிற வேலையில் பயப்பட நேரம் இருக்காது.

பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, துறைமுகத்துப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் கிளீனராக இருந்தேன். இன்னொரு கிளீனர் கபீர். டிரைவர் வேலை ஒன்று காலியானது. "ஒங்க ரெண்டு பேர்ல எவன் முதல்ல லைசென்ஸோட வர்றானோ அவனுக்கு வண்டி" என்று முதலாளி சொல்லிவிட்டார். இருவருக்கும் ஒரே நாளில் டெஸ்ட்.

காலையில் கபீர் என் தோளில் கை போட்டான்.

"மாப்ள, ஒண்ணு கேள்விப்பட்டேன். டெஸ்ட் எடுக்குற பிரேக் இன்ஸ்பெக்டரு பூவம் தாண்டிப் போகச் சொல்லுவாராம். போயிடாத. அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்க இவரு டெஸ்ட் செல்லாது. தாண்டுனவன் எல்லாம் ஃபெயிலாம்டா."

எங்கள் காரைக்காலுக்குக் கிழக்கே கடல். மற்ற எந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனாலும் எங்கள் எல்லை முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். பெட்ரோல் விலையும் பாட்டில் விலையும் மாறுகிற இடத்தில் லாரி டெஸ்ட் மட்டும் மாறாமல் இருக்குமா? கதை பொருத்தமாகத்தான் இருந்தது. அதனாலேயே உறுத்தியது. போட்டிக்கு நிற்பவன் எதற்கு வழி சொல்கிறான்?

என் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். கபீர் பின் சீட்டில்.

"நேரா போங்க."

அவ்வளவுதான் சொன்னார். கோட்டுச்சேரி போனது, பேசவில்லை. பூவம் வந்தது, பேசவில்லை. இவ்வளவு அமைதியாக இருக்கிற மனிதர் ஏதோ திட்டம் வைத்திருக்கிறார் என்று பட்டது. எங்கள் பக்கத்துக் கடைசி மதுக்கடையின் போர்டு தெரிந்தது. அதுதான் எங்களுக்கு எல்லைக்கல்.

"ம்... போங்க, போங்க" என்றார்.

ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்துனீங்க?"

"சார்... அந்தப் பக்கம் ஒங்களுக்கு அதிகாரம் இல்லைங்க."

அவர் எல்லைக்கு அப்பால் இருந்த டீக்கடையைக் கை நீட்டிக் காட்டினார். "நான் டீ குடிக்கப் போகச் சொன்னேன்பா. இந்தப் பக்கம் டீயே நல்லா இல்ல."

பின் சீட்டிலிருந்து கபீர் எட்டிப் பார்த்தான்.

"சரி, நான் நடந்தே போயிக்கிறேன். வர்றதுக்குள்ள எல்லையத் தாண்டாம வண்டியத் திருப்பி வைங்க" என்று இறங்கிப் போனார்.

ஒரு பக்கம் சந்து, அதை ஒட்டி வாய்க்கால். சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்துத் திருப்ப வேண்டும். பின்னால் நின்று வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும். இருந்தது ஒரே ஆள். நான் வாய்க்காலில் இறங்கினால் வேலை கிடைக்கப்போகிற அதே ஆள்.

"வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடி... வரலாம்..."

நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். நிறைய இடம் இருந்தது. ஏறினேன்.

"வரலாம்... வரலாம்..."

மறுபடியும் இறங்கினேன். அவன் சொன்னது சரியாகவே இருந்தது.

"ஏன்டா, நான் ஒன்ன வாய்க்கால்ல தள்ளிருவேனா? எறங்கி எறங்கிப் பாக்குற! என்ன பொண்ணா பாக்க வந்திருக்க?"

இன்னொரு முறையும் இறங்கினேன்.

வண்டி திரும்பி நின்றபோது, சாலையின் அந்தப் பக்கம் டீ கிளாஸோடு இன்ஸ்பெக்டர். எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியாது.

"ரிவர்ஸ்ல எறங்கிப் பாத்து எடுக்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். இதுதான்யா டிரைவருக்கு வேணும்" என்றார். என் குணத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாராட்டு அது.

திரும்பும்போது கபீர் ஓட்டினான். என்னைவிட நன்றாக ஓட்டுவான். கோட்டுச்சேரிக்கு முன்னால் ஒரு சந்தில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். நான் பின்னால் போய் நின்றேன்.

"வரலாம்" என்றேன். வந்தான். "வரலாம்... வரலாம்..." நிற்கவில்லை, இறங்கவில்லை. ஒரே மூச்சில், நூல் பிடித்த மாதிரி உள்ளே வந்தான். "ஓல்டான்!" என்றதும் நின்றான். சுவருக்கு ஒரு சாண் இருந்தது.

நான் கைதட்டப் போனேன். கேபினில் இருந்த இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"சைடு கண்ணாடியவே பாக்கலையே தம்பி. அடுத்த தடவ வாங்க."

லாரியை ஸ்கூலில் விட்டுவிட்டு நடந்தோம். எனக்குத்தான் வாய் அடங்கவில்லை.

"கண்ணாடியப் பாத்தா என்னடா?"

"நீதான் பின்னாடி நிக்கிறியே... அப்புறம் கண்ணாடி எதுக்கு?"

"அந்த எல்லைக் கதைய யாருடா ஒனக்குச் சொன்னா?"

"யாரோ டீக்கடையில சொன்னாங்க மாப்ள. நம்பித்தான் சொன்னேன்."

வண்டி எனக்குக் கிடைத்தது. கபீர் அடுத்த டெஸ்டில் பாஸாகி, துபாய்க்குப் போய், அங்கேயே டிரெய்லர் ஓட்டுகிறான்.

இப்போது என் பெயரில் சொந்தமாகவே ஒரு லாரி ஓடுகிறது. பின்னால் கேமரா உண்டு. ரிவர்ஸ் போட்டால் முன்னால் திரையில் சுவர், வாய்க்கால், படுத்திருக்கிற நாய் எல்லாம் தெரிகிறது. பீப் பீப் என்று அதுவே சொல்லிவிடுகிறது. அப்படியும் நான் இறங்கிப் போய்ப் பார்க்கிறேன். இடம் எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது.

எல்லாம் வசதிதான்... ஆனால் நான் "வரலாம்" என்று சொன்னதற்காக, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் வருகிற ஒரு மனுஷன் அப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை.