லென்ஸில் ஒரு சின்ன ஆட்டம்

என் வீட்டுக்காரருக்கு ஆடுகிற எதையும் கண்டால் ஆகாது. நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. எந்த மெஷினில் கடகடவென்று சத்தம் வந்தாலும் அங்கே நூலைச் சுற்றி இறுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கரண்டிப் பிடி, ஜன்னல் கொக்கி, என் குடைக் கம்பி எல்லாவற்றிலும் மில் நூல் சுற்றியிருக்கும். என் வாயைத்தான் அவரால் கட்ட முடியவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஒரு நாள் இவர் எதிர் வீட்டு சொல்தாவிடம் தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு காமிராவோடு வந்து நின்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். எதிர் வீட்டுக்காரர் சைகோனில் பல வருஷம் இருந்தவர். காமிராவும் அங்கே வாங்கியதுதான். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் இருவரும் இரும்புக் குண்டுகளைத் தூக்கிக்கொண்டு பெத்தாங் விளையாடக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு வேறு சிநேகிதர் கிடையாது. இவருடைய முன்கோபத்தைத் தாங்கிக்கொண்டவர் தெருவிலேயே சொல்தா ஒருவர்தான்.

நூலுக்கு அடங்காத ஒரே பொருள் அந்த சைக்கிளின் மட்கார்டு. வண்டி தெரு திரும்பும்போதே அதன் சத்தம் வீட்டுக்குள் கேட்டுவிடும். அது தெரிந்துதான் சொல்தா அதை வாங்கினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இவரோ காமிரா வந்த அன்றே குறை கண்டுபிடித்துவிட்டார். லென்ஸை இரண்டு விரலால் பிடித்து அசைத்தால், அது உட்கார்ந்திருக்கும் வளையத்துக்குள் துளி ஆடியது. விழப்போகும் பால்பல் அளவுக்குக்கூட இல்லை. உடனே எதிர் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்டார்.

"அது அப்பிடித்தான் இருக்கும் தம்பி. கழட்டி மாட்டுற லென்ஸு, கொஞ்சம் ஆடத்தான் ஆடும். படம் நல்லா வுழும், போ" என்றார் சொல்தா.

இவருக்கு மனம் ஆறவில்லை. லென்ஸைக் கழற்றி, வளையத்துக்கும் அதற்கும் நடுவில் மில் நூலைச் சுற்றி அழுத்தி மாட்டினார். ஆட்டம் நின்றது. முகம் மலர்ந்தது. எங்கள் மகளை மடியருகே நிறுத்தி ஒரு படம் எடுத்தார். பிறகு கடற்கரைக்குப் போய் லைட் ஹவுஸ், கடல், கோயில் கோபுரம் என்று ஃபிலிம் தீரும்வரை எடுத்துத் தள்ளினார்.

கழுவி வந்த படங்களில் மகளின் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. லைட் ஹவுஸ் கஞ்சித் தண்ணீருக்குள் நிற்பது போல் நின்றது. படங்களை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியவர், நான் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் சொல்தாவின் வாசலில் போய்க் கத்தினார்.

"ஒடஞ்சத எந்தலையில கட்டிட்டியே! கூட உக்காந்து சிரிச்சிக்கினே கழுத்தறுத்துட்டியே!"

தெருவே வேடிக்கை பார்த்தது. சொல்தா கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் பாயில் படுத்துக்கொண்டு உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மட்கார்டு சத்தம் கேட்டால் மட்டும் தலை தூக்குவார். அந்த மனுஷனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது; அதைக் காட்டிக்கொள்ளாமல் ஏசிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சேதி வந்தது. பிரான்சிலிருக்கும் மகளோடு இருக்க சொல்தா ஒரேயடியாகப் போகிறாராம். இனி ஊர் திரும்ப மாட்டாராம். இவரிடம் சொன்னேன். "போவட்டும்" என்றார். சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் இவர் மில்லுக்குப் போனதும் காமிராவை முந்தானையில் சுற்றிக்கொண்டு நான் எதிர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, அந்த மனுசன் வாயி அப்பிடி. நீங்க மனசுல வச்சிக்கினு போவாதீங்க" என்றேன்.

அவர் சுவரைக் காட்டினார். அவர் மனைவி கடற்கரையில் நிற்கும் படம். காற்றில் பறக்கும் முடி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. பின்னால் வெகு தூரத்தில் இருந்த லைட் ஹவுஸும் கோடு கோடாகத் தெரிந்தது.

"இதே காமிராதாம்மா. அன்னிக்கும் ஆடிச்சி" என்றார்.

பிறகு காமிராவை வாங்கி லென்ஸைத் திருகிக் கழற்றினார். நூலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "உன் வூட்டுக்காரன் வேலையா? நூல் கனத்துக்கு லென்ஸு முன்னால தள்ளிக்கிச்சி. பக்கத்துல இருக்கறது வுழும், தூரத்துல இருக்கறது கலங்கிடும்." நூலை உருவி என் கையில் வைத்தார். "அவங்கிட்ட இத சொல்லாத. வெக்கப்படுவான்" என்றார்.

சொல்லாமல் இருக்க என் வாய் விடுமா? வீட்டுக்கு வந்த இவரிடம் நூலையும் காமிராவையும் நீட்டி, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் லென்ஸை அசைத்துப் பார்த்தார், ஆடியது. நூலை விரலில் சுற்றிக்கொண்டார். "எந்த மூஞ்ச வச்சிக்கினு போவேன்?" என்று கேட்டார். இருந்த ஒரு மூஞ்சியை வைத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்றேன். ஆனால் அவர் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்.

சொல்தா கிளம்பும் நாளும் வந்தது. காலையில் கதவைத் திறந்தால் எதிர் வீட்டில் பூட்டு தொங்கியது. எங்கள் சுவரில் அந்த சைக்கிள் சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "அண்ணன் ரிக்‌ஷா ஏறிட்டாரு. சைக்கிள தம்பிகிட்ட குடுத்துடச் சொன்னாரு" என்றாள்.

சொல்தா போகும் விழுப்புரம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நடந்து போனால் பிடிக்க முடியாது. இவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல், காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறி மிதித்தார். மட்கார்டு சத்தம் தெருக்கோடிவரை கேட்டு ஓய்ந்தது. அவர் போய்ச் சேர வேண்டுமே என்று நான் அடுப்பைக்கூட மறந்து வாசலிலேயே நின்றேன்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வண்டி நகரும் சமயத்தில்தான் போய்ச் சேர்ந்தாராம். "மன்னிச்சிடுண்ணே" என்று கூடவே ஓடினாராம். ஜன்னல் வழியாக இவர் கையைப் பிடித்து, "மொதல்ல படத்த எடு தம்பி, வண்டி போவுது பாரு" என்றாராம் சொல்தா.

அந்தப் படத்தை வாங்கி வர ஸ்டுடியோவுக்கு நானும் கூடப் போனேன். சிரிக்கிற முகம், தூக்கிய கை, ஜன்னல் கம்பி எல்லாமே இரண்டிரண்டாகக் கலங்கி விழுந்திருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்டுடியோக்காரர்தான் காமிராவைத் திருப்பிப் பார்த்து, "லென்ஸு கொஞ்சம் ஆடுதே, அதனாலயா?" என்று கேட்டார்.

"லென்ஸு ஆடுனா ஒண்ணும் ஆவாது. எங் கைதான் ஆடிச்சி" என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் படத்துக்குச் சட்டம் போடச் சொன்னார்.